மணிக்கட்டின் எட்டு எலும்புகள்

நேயர்கள் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு சிறு சோதனையைச் செய்து பார்க்கலாம். வலக்கை மணிக்கட்டை இடக்கை விரல்களாற் சுற்றிப் பிடித்துக்கொண்டு, வலக்கையை மேலும் கீழும் மெல்ல அசைக்கவேண்டும். பின்னர் பெருவிரற் பக்கமாகவும் சிறுவிரற் பக்கமாகவும் சாய்க்கவேண்டும். தோலின் கீழே ஏதோ உருள்வதும், புடைப்பதும், மறைவதும் விரல்களுக்குப் புலனாகும். ஆனால், உருண்டது எது, அஃது எத்திசையில் எவ்வளவு நகர்ந்தது என்று எவராலும் சொல்ல இயலாது. முழங்கையிலே இத்தகைய மயக்கம் இல்லை. அது கதவின் கீல் போல மடங்கி நிமிர்வது. மணிக்கட்டோ, இரண்டு விரல் அகலமே கொண்ட ஓரிடத்தில் எட்டு எலும்புகள் நெருங்கி அடைந்திருக்கும் ஒரு பேழை. உயிருள்ள ஒருவரின் கை அசையும்போது அப்பேழையினுள் நிகழ்வது யாது என்னும் வினா பழையது. எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரும், அதற்கு அளவோடு கூடிய விடை கிடைக்க ஏறத்தாழ நூறு ஆண்டுகள் சென்றன.

அந்த எட்டும் இரண்டு வரிசைகளாக நிற்பன. முன்னங்கையை அடுத்த வரிசையில், பெருவிரற் பக்கத்திலிருந்து எண்ணினால், படகெலும்பு, பிறையெலும்பு, முப்பட்டை எலும்பு, பட்டாணி எலும்பு என நான்கு. உள்ளங்கையை அடுத்த வரிசையில் சரிவக எலும்பு, அதன் அருகே அதனினுஞ் சிறிய நாற்புற எலும்பு, நடுவிலே தலையெலும்பு, ஓரத்திலே கொக்கியெலும்பு என மற்றை நான்கு. பெயர்கள் யாவும் உருவத்தைக் கொண்டு இடப்பட்டவை. இவற்றுள் ஒரு விந்தை உண்டு. கையை மடக்கி நிமிர்த்தும் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து சென்று உள்ளங்கை எலும்புகளிலேயே பற்றிக்கொள்கின்றன. படகெலும்பையும் பிறையெலும்பையும் முப்பட்டை எலும்பையும் நேரே பிடித்திழுக்கும் தசைநாண் ஒன்றேனும் இல்லை. அவை அயலெலும்பு தள்ளத் தள்ள நகர்வன. எலும்போடு எலும்பைப் பிணைக்கும் இணைநார்கள் விட்டுக்கொடுக்கும் அளவுக்கே திரும்புவன. ஆட்டுவிப்பார் இன்றி ஆடும் பொம்மைகள் என்று அவற்றைச் சொல்லலாம். ஆகவே, தசையைப் பார்த்து எலும்பின் அசைவை ஊகித்தல் ஏனைய மூட்டுக்களில் இயலும், இங்கே இயலாது. எலும்பையே கண்டாக வேண்டும்.

1543 ஆம் ஆண்டில் பாடுவா நகரத்துப் பேராசிரியர் வெசாலியசு மனித உடலின் அமைப்பைப் பற்றித் தாம் எழுதிய பெருநூலை வெளியிட்டபோது, மணிக்கட்டின் எலும்புகளுக்குப் பெயரிடவில்லை. ஒன்று முதல் எட்டு வரை எண்களையே இட்டார். அவருக்கு அப்பொழுது வயது 28. பிணத்தை அறுத்துக் கண்டவற்றை அவர் வரைவித்த திறம் இன்றும் வியப்புக்குரியது. ஆயினும், அறுக்கப்பட்ட மணிக்கட்டு மணிக்கட்டன்று. இணைநாரை வெட்டியதும் எலும்புகள் தத்தம் நிலையை விட்டு விலகிவிடுகின்றன. வெட்டாவிட்டால் அவை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. காண்பதற்காகத் திறந்தால் காண விரும்பியது கலைந்துபோகும் என்னும் இவ்விடர், உடற்கூற்றறிஞர்களை முந்நூற்றைம்பது ஆண்டுகள் தடுத்து நிறுத்தியது.

அத்தடை 1895 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஜேர்மனியிலுள்ள வூர்ட்ஸ்பேர்க் நகரத்தில், ஓர் ஆய்வுகூடத்திலே உடைந்தது. வில்லெம் றொண்ட்கென் என்னும் பௌதிகப் பேராசிரியர் கண்ணுக்குத் தோன்றாத ஒருவகைக் கதிரைக் கண்டார். அதன் இயல்பு யாதென அறியாமையால் எக்ஸ் கதிர் என்று பெயரிட்டார். டிசம்பர் 22 ஆம் நாள் தம் மனைவியார் பேர்த்தாவின் கையை ஒளிப்படத் தட்டின்மேல் வைத்துக் கதிரைச் செலுத்தினார். விரலெலும்புகளும், ஒரு விரலிலே கிடந்த மோதிரமும் கருநிழலாகப் பதிந்தன. உலகெங்கும் புகழ்பெற்ற முதலாவது எக்ஸ் கதிர்ப் படம் ஒரு கையின் படமாக அமைந்தது. தம் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை எதுவும் பெறவில்லை என்பதும் ஈண்டுக் குறிப்பிடத் தக்கது. செய்முறையை அவர் வெளியிட்ட சில வாரங்களுக்குள் பல நாடுகளில் அதனைச் செய்து பார்த்தார்கள்.

அடுத்த ஆண்டே, அஃதாவது 1896 இல், பிறைசு என்னும் ஸ்கொத்லாந்து உடற்கூற்றறிஞர் உயிருள்ள கையை வெவ்வேறு நிலைகளில் வைத்து எக்ஸ் கதிர்ப் படங்கள் எடுத்து, அவற்றைக் கொண்டு மணிக்கட்டின் இயக்கத்தை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். கண்டுபிடிக்கப்பட்டு ஓராண்டு நிறைவதற்குள் மணிக்கட்டு ஆய்வாளர் கைக்கு அக்கருவி வந்துவிட்டது என்பதே, அவர்கள் எத்துணை ஆவலோடு காத்திருந்தனர் என்பதற்குச் சான்று. ஆனால் அவர்கள் பெற்றது நிழல். நிழலுக்கு நீளமும் அகலமும் உண்டு, ஆழம் இல்லை. மாலை நேரத்தில் சுவரிலே விழும் கைநிழலைக் கண்டு அக்கை முன்னோக்கிச் சாய்ந்ததா, பின்னோக்கிச் சாய்ந்ததா என்று சொல்ல முடியுமா? எட்டெலும்புகளின் நிழலும் ஒன்றன்மேலொன்றாக விழுகின்ற மணிக்கட்டிலே இம்மயக்கம் இன்னும் பெரிது. கையைச் சிறுவிரற் பக்கம் சாய்க்கும்போது படகெலும்பின் நிழல் நீள்கிறது. பெருவிரற் பக்கம் சாய்க்கும்போது குறுகுகிறது. எலும்பு நீளவுமில்லை, குறுகவுமில்லை. அது நம் கண்ணுக்கு நேராக நிமிர்ந்து குனிகின்றது. இதனை நிழலிலிருந்து கற்பனையால் உணர்ந்தார்கள்; எத்தனை பாகை குனிந்தது என்று நிழல் சொல்லவில்லை.

இஃது அறிஞர்களின் பொழுதுபோக்கு ஆராய்ச்சி என்று எவரும் எண்ணிவிடலாகாது. ஓர் இளைஞன் சைக்கிளிலிருந்து விழுகிறான். விழுகிறவன் இயல்பாகவே கையை விரித்து நிலத்திலே ஊன்றுகிறான். உடலின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்க, படகெலும்பு இடையிலே வெடிக்கிறது. மணிக்கட்டு எலும்புகளுள் மிகுதியும் முறிவது இதுவே. முதல்நாள் எடுத்த படத்தில் அவ்வெடிப்புப் பலவேளை தெரிவதேயில்லை. வெறுஞ் சுளுக்கென்று எண்ணி எண்ணெய் பூசிக்கொண்டு அவன் தன் வேலைக்குப் போய்விடுவான். படகெலும்புக்கு இரத்தக் குழாய்கள் பெரும்பாலும் அதன் நுனிப் பக்கமாகவே புகுகின்றன. முறிவினால் அடிப்பாதி இரத்தமின்றி வாடுகிறது. முறிந்த இரு துண்டுகளும் ஒட்டாமற் கிடக்கின்றன. ஆண்டுகள் பல கழிந்தபின், பாரந் தூக்கும்போது வலி தோன்றும். அப்பொழுது பார்த்தால், மற்றை எலும்புகளும் நிலைபிறழ்ந்து, மூட்டு முழுவதும் தேய்ந்திருக்கும். கையை நம்பிப் பிழைக்கும் தச்சனுக்கும் கொத்தனுக்கும் இது வாழ்வையே குலைக்கும் கேடு. ஓரெலும்பு முறிந்தால் அயலெலும்புகள் ஏன் நிலைபிறழ வேண்டும்? இவ்வினாவுக்கு விடை தெரியாமற் சத்திர வைத்தியர் கத்தியை எடுத்தல் இருட்டிலே வெட்டுவதாகும்.

பிரான்சிலே லியோன் நகரத்தில் எக்ஸ் கதிரைத் தொடக்கத்திலேயே கையாண்ட சத்திர வைத்தியர் எத்தியென் டெஸ்தோ தம் வாழ்நாளை இவ்வினாவிலே செலவிட்டார். மணிக்கட்டின் காயங்களையும் எக்ஸ் கதிரையும் பற்றி அவர் எழுதிய நூல், அவர் 1918 இல் இறந்தபின், 1923 இல் வெளிவந்தது. வியன்னாவிலே ரொபேட் கீன்பொக் 1910 ஆம் ஆண்டில், பிறையெலும்பு மென்மையுற்று நொறுங்கும் ஒரு நோயை விவரித்தார். அந்நோய் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

நிழலை நம்பியவர்கள் பல கொள்கைகளை வகுத்தார்கள். எலும்புகள் இரண்டு குறுக்கு வரிசைகளாக அசைகின்றன என்பது பழங்கொள்கை. 1921 இல் உருகுவே நாட்டு மொன்ரிவிடியோ நகரத்து நவாரோ, குறுக்கு வரிசை அன்று, நெடுக்காக நிற்கும் மூன்று தூண்களே உண்மையான அமைப்பு என்றார்: நடுத்தூண் மடக்கவும் நிமிர்த்தவும், பெருவிரற் பக்கத் தூண் பாரத்தைத் தாங்கவும், சிறுவிரற் பக்கத் தூண் சுழலவும் பயன்படுவன என்பது அவர் கருத்து. 1943 இல் இலண்டனிலே கில்போர்ட், போல்டன், லம்பிரினூடி என்னும் மூவர் வேறோர் உவமை கூறினர். முன்னங்கை எலும்பு, பிறையெலும்பு, தலையெலும்பு ஆகியன ஒரு சங்கிலியின் கண்ணிகள். சங்கிலியை இழுத்தால் நேராக நிற்கும். இரு முனையிலுமிருந்து அழுத்தினால் மடிந்து சரியும். மணிக்கட்டு அவ்வாறு சரியாமலிருப்பது ஏன்? படகெலும்பு இரண்டு வரிசைகளையும் குறுக்கே பாலம் போலப் பிணைத்து நிற்பதாலே. அப்பாலம் முறிந்தால் சங்கிலி சரியும். முறிந்த படகெலும்பு ஏன் மணிக்கட்டு முழுவதையும் கெடுக்கிறது என்பதற்கு அதுகாறும் கூறப்பட்ட விடைகளுள் இதுவே பொருத்தமானது என்று சொல்லத்தகும். 1972 இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த லின்செயிட்டும் அவர் தோழரும், இவ்வாறு சரிந்த மணிக்கட்டுக்களை வகைப்படுத்தி, பிறையெலும்பு எப்பக்கம் சாய்கிறது என்பதைக்கொண்டு நோயை அறியும் வழியைக் காட்டினர். 1981 இல் லிக்ட்மன் என்பவர், வரிசையுமன்று, தூணுமன்று, இது நான்கு இடங்களில் இணைக்கப்பட்ட ஒரு வளையம் என்றார்.

வரிசை, தூண், சங்கிலி, வளையம்! யானையைத் தடவிப் பார்த்த குருடர் கதை ஈண்டு நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் அக்கதையிலே வரும் குருடரைப் போல இவர்களை எள்ளுதல் முறையன்று. ஒவ்வொருவரும் தம் நோயாளர் சிலரின் துன்பத்துக்குக் காரணங் காண முயன்றனர். ஒவ்வொருவர் கூற்றிலும் ஓரளவு உண்மை இருந்தது. இல்லாதது அளவு.

அளவை முதலிற் பிணத்திலேயே தேடினார்கள். சுவீடன் நாட்டு லுந்து நகரத்தில் கோரன் செல்விக் என்பவர் 1974 இல் ஒரு முறையை வகுத்தார். தந்தாலம் என்னும் உலோகத்தாலான மிகச்சிறு மணிகளை எலும்பினுள் பதித்து, இரண்டு திசைகளிலிருந்து எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தால், இரண்டு நிழல்களையும் ஒப்பிட்டு ஒவ்வொரு மணியும் நிற்கும் இடத்தை முப்பரிமாணத்திலே கணக்கிடலாம். நமக்கு இரண்டு கண்கள் இருப்பதால் தூரம் தெரிவது போன்றதே இது. நெதர்லாந்தின் நைமேகன் நகரத்திலே டி லாங்கேயும் கவுவர், ஹுயிஸ்கஸ் என்போரும் இம்முறையை மணிக்கட்டுக்குப் பயன்படுத்தி 1985 இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு வரிசையிலுள்ள எலும்புகளும் தம்முள் ஒன்றாக அசையவில்லை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாதை உண்டு என்பது எண்களால் நிறுவப்பட்டது. எனினும் அவை உயிரற்ற கைகள். தசைகள் தாமாக இறுகித் தளராத கையை இன்னொருவர் அசைத்துக் கண்ட கணக்கு அது. உயிருள்ளவரின் எலும்பைத் துளைத்து எட்டிலும் மணி பதித்தலோ எண்ணிப்பார்க்கவும் தகாதது.

விடை வந்த திசை எவரும் எதிர்பாராதது. இலண்டனுக்கு அண்மையிலே ஹேய்ஸ் என்னுமிடத்தில், இசைத்தட்டு வெளியிட்டுப் பெரும்புகழ் ஈட்டிய ஈ.எம்.ஐ. கம்பனியின் ஆய்வுகூடத்திலே கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட் என்னும் பொறியியலாளர் இருந்தார். ஒரு பெட்டியைத் திறவாமல், எல்லாப் பக்கங்களிலிருந்தும் அதனூடே கதிரைச் செலுத்தி, வெளிவரும் கதிரின் அளவைக் குறித்துக்கொண்டால், உள்ளே எவ்விடத்தில் எது உள்ளதென்று கணினியாற் கணக்கிடலாம் என்று அவர் கருதினார். தென்னாபிரிக்காவிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த அலன் கோமாக் என்னும் பௌதிக அறிஞர் இதற்கான கணிதத்தை 1963 இலும் 1964 இலும் வெளியிட்டிருந்தார். ஆனால் அக்கட்டுரைகளை அன்று பொருட்படுத்தியோர் அரியர். ஹவுன்ஸ்பீல்டோ அவற்றை அறியாமல் தாமே வழி கண்டார். பழைய கடைசல் எந்திரமொன்றின் சட்டத்தின்மேல் அமைக்கப்பட்ட அவருடைய முதற் கருவி ஒரு படத்துக்கு வேண்டிய அளவுகளைச் சேர்க்க ஒன்பது நாள் எடுத்துக்கொண்டது. 1971 ஒக்ரோபர் 1 ஆம் நாள் இலண்டன் விம்பிள்டனிலுள்ள வைத்தியசாலையில் முதல் நோயாளியின் மூளை அவ்வாறு படமாக்கப்பட்டது. 80 வரிசையும் 80 நிரலுமாகக் கட்டமிட்ட ஒரு மங்கற் படம் அது. ஹவுன்ஸ்பீல்டும் கோமாக்கும் 1979 இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இருவருள் எவரும் மருத்துவர் அல்லர்.

இதுவே சி.ரி. ஸ்கான் எனப் பின்னர் ஊரெங்கும் வழங்கலாயிற்று. பாணை மெல்லிய துண்டங்களாக வெட்டிக் காண்பது போல, உடலை வெட்டாமலே துண்டந் துண்டமாகக் காட்டும் கருவி. துண்டங்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கினால் முழு உருவம் மீண்டும் கிடைக்கும். 1989 அளவில், கதிர் சுழலும்போதே நோயாளி படுத்திருக்கும் மேசையும் நகரும் சுருள்முறை வந்தது. அதன்பின் ஒரு மணிக்கட்டு முழுவதையும் சில விநாடிகளிலே படமாக்குவது எளிதாயிற்று. மணிக்கட்டு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் எட்டத்திலே இருப்பதால், அதனைப் படமாக்கும்போது உடலின் நுண்ணிய உறுப்புக்கள் பெறும் கதிரும் சிறிதளவே.

1999 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே கிறிஸ்கோ, மக்கவர்ன், வொல்ப் ஆகிய மூவர், உயிருள்ள மனிதரின் மணிக்கட்டு எலும்புகளின் முப்பரிமாண அசைவைத் துளையோ மணியோ இன்றி அளக்கும் முறையை வெளியிட்டனர். முறையைக் கேட்டால் எளிதாகவே தோன்றும். ஒருவர் தம் கையை நேரே நீட்டி வைத்துக்கொள்ள, ஒரு ஸ்கான் எடுக்கப்படும். அவரே கையைச் சற்று மடக்கி வைத்துக்கொள்ள இன்னொன்று, நிமிர்த்தி ஒன்று, பக்கஞ் சாய்த்து ஒன்று. ஒவ்வொரு துண்டத்திலும் ஒவ்வோரெலும்பின் எல்லையும் வரையப்பட்டு, எலும்புகள் கணினியினுள் தனித்தனி உருவங்களாக்கப்படும். இங்கேதான் நுட்பம் உள்ளது. ஓரெலும்பு எங்கே சென்றாலும் அதன் வடிவம் மாறுவதில்லை. ஆதலின், முதல் ஸ்கானிலுள்ள படகெலும்பையும் இரண்டாவதிலுள்ள படகெலும்பையும் ஒன்றோடொன்று பொருத்தினால், எவ்வளவு திருப்பி எவ்வளவு தள்ளிப் பொருத்த நேர்ந்தது என்பதே அவ்வெலும்பு அசைந்த அசைவு. பொருத்துவதற்கு அவர்கள் கொண்ட அடையாளம் எலும்பின் மேற்புள்ளிகள் அல்ல. அதன் திணிவு மையமும், அதனூடே செல்லும் தலைமை அச்சுக்களுமே. உலோகமணி செய்த வேலையை எலும்பின் உருவமே செய்தது. இவையனைத்துக்கும் நிலையான அளவுக்கோலாக முன்னங்கையிலுள்ள ஆரை எலும்பு கொள்ளப்பட்டது. ஏனெனில் அசைவென்பது எதனை நோக்க அசைந்தது என்று சொல்லாதவிடத்துப் பொருளற்றது.

அவ்வசைவை எழுதி வைக்கவும் ஒரு மொழி வேண்டியிருந்தது. அது பழைய கணிதத்திலே ஆயத்தமாக இருந்தது. இத்தாலியரான மொட்சி 1763 இலும், பிரான்சியரான ஷால் 1830 இலும், உறுதியான ஒரு பொருள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எவ்விதம் சென்றாலும், அதனை ஓர் அச்சைச் சுற்றிய சுழற்சியும் அவ்வச்சின் வழியே ஒரு நகர்ச்சியுமாகக் கூறிவிடலாம் என்று காட்டியிருந்தனர். திருகாணி மரத்திலே இறங்குவது போல. ஒவ்வோர் எலும்புக்கும் ஒரு திருகச்சு. மின்சாரமே ஊர்களுக்கு வராத காலத்திலே எழுந்த ஒரு தேற்றம், படகெலும்பின் ஓட்டத்தைச் சொல்ல உதவியது.

கண்டது யாது? தலையெலும்பு நடுவிரலின் உள்ளங்கை எலும்போடு ஏறத்தாழ ஒட்டியே அசைகின்றது. ஆகவே கை முழுவதும் எவ்வளவு அசைந்தது என்பதற்குத் தலையெலும்பே அளவாயிற்று. 2000 ஆம் ஆண்டில் வொல்பும் அவர் தோழரும் வெளியிட்ட கணக்குப்படி, கையை உள்ளங்கைப் பக்கம் மடக்கும்போது, தலையெலும்பு திரும்பும் அளவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு படகெலும்பு திரும்புகிறது. பிறையெலும்போ பாதியளவு கூடத் திரும்புவதில்லை. கையைப் புறங்கைப் பக்கம் நிமிர்த்தும்போது படகெலும்பு தலையெலும்போடு முற்றும் ஒன்றி ஓடுகிறது. பிறையெலும்பு மூன்றில் இரண்டு பங்கோடு நின்றுவிடுகிறது. அருகருகே ஒரே வரிசையில் நின்று, குறுகிய இணைநார் ஒன்றாற் பிணைக்கப்பட்ட இரண்டு எலும்புகளிடையே இத்துணை வேறுபாடு! அவற்றுக்கு இடைப்பட்ட அந்த இணைநார் ஒவ்வோர் அசைவிலும் முறுக்கப்பட்டுத் தளர்கின்றது. விழுந்தவர் கையில் அஃது ஏன் அறுந்துபோகிறது என்பது இவ்வெண்களைப் பார்த்தால் விளங்கும். பழைய வரிசைக் கொள்கை முழுவுண்மை அன்று என்பதும் விளங்கும். ஆயினும் உள்ளங்கைப் பக்கத்து நான்கு எலும்புகளும் ஒன்றாகவே அசைவதால், அவ்வரிசையைப் பொறுத்தமட்டில் பழையவர்கள் சொன்னது சரியாகவே இருந்தது.

இவற்றினும் சுவையானது இன்னொன்று. மனிதர் தம் அன்றாட வேலைகளிலே கையை நேராக மேலும் கீழுமோ, நேராகப் பக்கவாட்டிலோ அசைப்பது அரிது. சுத்தியலை ஓங்கும்போது கை புறங்கைப் பக்கமும் பெருவிரற் பக்கமும் சேர்ந்து சாய்கிறது. அடிக்கும்போது உள்ளங்கைப் பக்கமும் சிறுவிரற் பக்கமும் சேர்ந்து சாய்கிறது. கல்லெறிவதும், செம்பிலிருந்து நீர் வார்ப்பதும், மீன்வலை வீசுவதும் அச்சாய்வுக் கோட்டிலேயே நிகழ்வன. ஆங்கில நாடுகளில் சிற்றம்பைப் பலகையில் எறியும் ஆட்டத்தைக் கொண்டு, இதற்குச் சிற்றம்பெறியும் அசைவு என்று பெயரிட்டனர். கிறிஸ்கோவும் பிறரும் 2005 இல் இவ்வசைவை ஆராய்ந்தபோது, இக்கோட்டிலே கை செல்லும்வரை படகெலும்பும் பிறையெலும்பும் பெரும்பாலும் அசையாமல் நிற்பதைக் கண்டார்கள். கை முழுவதும் அசைகின்றது. முன்வரிசை அமைதியாய் நிற்கின்றது. அசைவெல்லாம் இரு வரிசைகளுக்கும் இடைப்பட்ட மூட்டிலேயே நிகழ்கின்றது. ஜப்பானில் ஒசாக்காவிலிருந்த மொறிடோமோ முதலியோர், எக்ஸ் கதிரின்றிக் காந்தத்தால் இயங்கும் எம்.ஆர்.ஐ. கருவியைக் கொண்டு தனியே ஆராய்ந்தனர். 2006 இல் அவர்கள் கண்ட முடிவும் இதற்கு இணங்கவே அமைந்தது. இருவேறு நாடுகள், இருவேறு கருவிகள், ஒரே விடை.

இதனாற் சத்திர வைத்தியருக்கு விளைந்தது சிறிய சிந்தனையன்று. தேய்ந்துபோன மணிக்கட்டின் வலியைத் தீர்க்கச் சில எலும்புகளை அசையாதபடி ஒன்றாகப் பொருத்திவிடுதல் நெடுநாள் வழக்கு. எவற்றைப் பொருத்துவது? இரு வரிசைகளுக்கும் இடைப்பட்ட மூட்டைப் பூட்டிவிட்டால், சுத்தியல் அடிக்கும் அந்தச் சாய்வு அசைவு பெரிதும் அழிந்துவிடும். முன்வரிசையை ஆரை எலும்போடு பூட்டினாலோ அவ்வசைவு பெரும்பாலும் எஞ்சும். இரண்டு முறைகளும் அளவுக்கோலால் பார்க்கும்போது ஏறத்தாழ ஒரே அளவு அசைவை இழப்பதாகத் தோன்றலாம். ஆனால் தச்சனுக்கு இரண்டும் ஒன்றல்ல. எந்நோயாளிக்கும் ஒரே முறை பொருந்தும் என்று இதனாற் கொள்ளலாகாது. தேய்வு எம்மூட்டில் உள்ளதோ அதனைப் பொறுத்தே முடிவு செய்யவேண்டும். இணைநார் அறுந்து தைக்கப்பட்டவர்கள் இச்சாய்வுக் கோட்டிலே முன்னதாகவே பயிற்சியைத் தொடங்கலாம் என்னும் கருத்தும் எழுந்தது. ஆனால் இணைநார் முற்றாக அறுந்த கையில் முன்வரிசையின் அவ்வமைதியே குலைந்துபோகின்றது என்று பின்னர் வந்த ஆய்வு எச்சரித்தது. நலமுள்ள கையிற் கண்ட விதியை நோயுற்ற கைக்கு அப்படியே ஏற்றிவிடக் கூடாது போலும்.

மணிக்கட்டின் முப்பரிமாண அளவீடு மருத்துவமனைக்கு வெளியேயும் ஒரு வழக்கைத் தீர்க்கத் துணைசெய்தது. 2003 இல் இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில், லியாங் புவா என்னும் குகையிலே, ஏறத்தாழ மூன்றரை அடி உயரமே கொண்ட ஒருவரின் எலும்புகள் கிடைத்தன. அவர் வேறோர் மனித இனத்தவர் என்றனர் சிலர். நோயினாற் குன்றிய நம்மினத்தவரே என்றனர் சிலர். வாதம் மண்டையோட்டைச் சுற்றியே நடந்தது. மத்தியூ ரொச்செரி என்பவரும் தோழரும் அவ்வெலும்புக்கூட்டின் இடக்கை மணிக்கட்டு எலும்புகள் மூன்றை முப்பரிமாணத்தில் அளந்து 2007 இல் முடிவைக் கூறினர். நம்மவர் கையில் நாற்புற எலும்பு சப்பாத்து வடிவினது. உள்ளங்கைப் பக்கமே அகன்றது. புளோரஸ் தீவினரின் எலும்போ, ஆபிரிக்க வாலில்லாக் குரங்குகளுடையதைப் போல அப்பக்கம் குறுகியது. எலும்பின் இவ்வடிவம் குழந்தை கருவிலிருக்கும்போதே அமைந்துவிடுவதாதலின், பிற்காலத்து வளர்ச்சிக் குறையினால் இவ்வாறு ஆகியிருக்க முடியாது என்பது அவர்கள் வாதம். 2013 இல் இன்னொருவரின் மணிக்கட்டு எலும்புகளும் அதே வடிவத்தில் அமைந்திருப்பதாக வெளியிட்டபோது அவ்வாதம் வலுப்பெற்றது. அவ்வெலும்புகளின் வயது 60,000 முதல் 100,000 ஆண்டு வரை எனப் பின்னர் 2016 இல் திருத்திக் கணிக்கப்பட்டது. கட்டைவிரல் நகத்தளவு எலும்பு ஒன்று, மண்டையோடு தீர்க்காத வழக்கிலே சாட்சி சொன்னது.

இவ்வளவும் கூறியபின், ஒரு குறையையும் மறைக்காமற் சொல்லவேண்டும். 1999 இன் முறை அசைவைக் கண்டதன்று. நின்ற நிலைகள் பலவற்றைக் கண்டு, இடையிலே நிகழ்ந்ததைக் கணக்கிட்டது. கை ஓடும்போது எலும்புகள் வேறுவிதமாக நடந்துகொண்டால்? அம்ஸ்ரடாமிலே இதனையே சோதித்தார்கள். கையை இடைவிடாது அசைத்துக்கொண்டிருக்கும்போது எடுத்த படங்களையும், நிறுத்தி நிறுத்தி எடுத்த படங்களையும் 2009 இல் ஒப்பிட்டபோது, நலமுள்ள கைகளில் வேறுபாடு மிகச் சிறிதாகவே இருந்தது. பழைய கணக்குகள் பிழைத்தன. ஆனால் இணைநார் தளர்ந்த கையிலே, நிறுத்தி எடுத்த படத்திற் குறை தெரியாமல், அசையும்போது மட்டும் எலும்பு சட்டென்று இடம் பெயர்ந்து திரும்பி வருவதுண்டு. நோயாளி தம் கையிலே கிளிக்கென்று ஒலிக்கிறது என்பார், படத்தில் ஒன்றுமிராது, அவர் சொல்வதை நம்பாதாரும் உண்டு. இதற்காகவே, அசைவின்போதே அடுத்தடுத்து முழு உருவங்களை எடுக்கும் ஸ்கான் முறை வந்தது. நீளம், அகலம், ஆழம் என்னும் மூன்றோடு காலத்தையும் சேர்த்து அதனை நாற்பரிமாண ஸ்கான் என்கிறார்கள். பிறௌன் பல்கலைக்கழகத்திலே, விலங்குகளும் பறவைகளும் நடப்பதையும் மெல்லுவதையும் ஆராய்வதற்கென அமைத்த இரட்டை எக்ஸ் கதிர்ச் சலனப்படக் கருவியை மனித மணிக்கட்டுக்கும் திருப்பினார்கள்.

கிறிஸ்கோவின் குழுவினர் 2007 இல் இன்னுமொன்று செய்தனர். ஆண்கள் 15, பெண்கள் 15 ஆக 30 பேரின் இரு மணிக்கட்டுக்களையும் பல நிலைகளில் ஸ்கான் எடுத்து, எலும்புகளின் உருவங்களையும் அசைவின் எண்களையும் ஒருசேரத் தொகுத்து, ஏனைய ஆராய்ச்சியாளர் எவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டனர். பிணத்தையறுத்து ஒன்று முதல் எட்டு வரை எண்ணிட்ட வெசாலியசின் பக்கத்துக்கு ஏறத்தாழ நானூற்றறுபது ஆண்டுகளின் பின் வந்த பக்கம் இது.

ஒசாக்காவிலே, முறிந்து கோணலாக ஒட்டிப்போன கையெலும்பைத் திருத்துவதற்கு முன், நோயாளியின் நலமுள்ள மற்றைக் கையையும் ஸ்கான் எடுக்கிறார்கள். கண்ணாடியிலே காண்பது போல அவ்வுருவத்தை இடம் வலமாக மாற்றி, கோணலான எலும்பின்மேற் கணினியில் வைத்துப் பொருத்துகிறார்கள். எவ்விடத்தில் வெட்டி, எத்தனை பாகை திருப்பிப் பொருத்தவேண்டும் என்பது அதிலே தெரிந்துவிடும். வாள் செல்லவேண்டிய கோட்டைக் காட்டும் சிறிய அச்சொன்றை, அந்நோயாளியின் எலும்புக்கென்றே வார்த்து, சத்திர வைத்தியர் கையிற் கொடுக்கிறார்கள். 2008 இல் முறசே முதலியோர் இம்முறையின் பயனை வெளியிட்டனர்.